பஸ்ஸர் அடிக்கலியே

இல்ல அண்ணாச்சி, எனக்கும் அந்த பஸ் டிரைவருக்கும் முன்விரோதம் ஒண்ணும் கெடையாது. இன்னைக்குத்தான் அவரு மொகத்தையே பாக்குதேன். பஸ்சு நின்னுச்சு, முன்னால குபுகுபுன்னு ஆவி வந்துச்சு, அவரு எறங்கிப் போயி தோள்ல கெடந்த துண்டை எடுத்து ரேடியேட்டர் மூடியில வச்சாரு. அவ்வளவுதான், நான் கத்திட்டேன். ‘தொறக்காத!’ன்னு. மரியாதை கூடக் குடுக்கல. அந்தக் கடைசி சீட்டுப் பிள்ள பயந்து அழுதுட்டு. கண்டக்டர் என்கிட்ட வந்து மோந்து பாத்துட்டுப் போறாரு, பாத்தியளா? காலையில ஒரு காப்பி குடிச்சேன், வேற ஒண்ணும் இல்ல.

போகட்டும். அரை மணி நேரம் ஆறட்டும். அதுவரைக்கும் நாம இந்த வேப்பமரத்து நெழல்ல நிப்போம். நீங்க கேட்டதுனால சொல்லுதேன். மத்தவங்க கேட்டா ‘எனக்கு ஆவின்னா அலர்ஜி’ன்னு சொல்லிருவேன்.

எம்பேரு ரெமிஜியுஸ். தூத்துக்குடி விசைப்படகுல டிரைவர். டிரைவர்னா ஸ்டியரிங் பிடிக்கிறவன்னு நெனச்சிராதீங்க. எங்க படகுல ஸ்டியரிங் பிடிக்கிறது ஸ்ராங்கு. கடல்ல அவன் சொல்லுததுதான் சட்டம். டிரைவர் இஞ்சினுக்குப் பொறுப்பு. கீழ கெடக்கணும், எண்ணெய் பூசிக்கிடணும், திட்டு வாங்கணும். எங்க ஸ்ராங்கு சூசைமரியான். என் வீட்டுக்காரி தெக்லாவோட கூடப்பொறந்த அண்ணன். எனக்கு மச்சான். ரெண்டு பேரும் பதினெட்டு வருசம் ஒரே படகுல போனோம்.

இருபத்தாறு வருசம் இஞ்சின் பாத்தவன் நான். பெருமைக்குச் சொல்லல. என் காதைப் பத்தி துறைமுகத்துல யாருகிட்ட வேணும்னாலும் கேளுங்க. ஸ்க்ரூ டிரைவரோட ஒரு முனைய இஞ்சின்ல வச்சு, மறுமுனைய காதுல வச்சா, எந்த சிலிண்டர்ல என்ன கோளாறுன்னு சொல்லிருவேன். டாக்டர் குழாய் வச்சுப் பாக்குத மாதிரி. ஒருக்கா நான் அப்படி வச்சுக் கேட்டுட்டு, ‘மூணாவது சிலிண்டர்’ன்னேன். பிரிச்சுப் பாத்தா அஞ்சாவது. ஆனா கோளாறு இருந்துச்சுல்லா?

போன வருசம் தடைக்காலத்துல, அந்த ரெண்டு மாசம் படகெல்லாம் கரையில கெடக்குமே, அப்ப முதலாளி பழைய இஞ்சினைக் கழத்திட்டுப் புதுசு மாட்டினாரு. ஆறு சிலிண்டர். மாட்டுததுக்கு கம்பெனியில இருந்து ஒரு மெக்கானிக் வந்தா. ஆமா, பொம்பளை. ஷெர்லின்னு பேரு, நாகர்கோவில் பக்கம். முப்பது வயசு இருக்கும். பேன்ட் சட்டை போட்டு, தலையை இறுக்கக் கட்டி, இஞ்சின் ரூமுக்குள்ள எறங்கினா. நான் மேல நின்னு, ‘ஏணி வழுக்கும், பாத்து’ன்னேன். அவ வழுக்காம எறங்கிட்டா. பின்னாலயே எறங்கின நான்தான் வழுக்கினேன்.

வேலை முடிஞ்சு அவ என்னை உக்கார வச்சு சொன்னா: ‘அண்ணா, கடல்தண்ணி உள்ள வர்ற இடத்துல பில்டர் இருக்கு. தெனமும் கெளம்புறதுக்கு முன்னால தொறந்து பாருங்க. அது அடைச்சா இஞ்சினைக் குளிர வைக்கத் தண்ணி வராது. சூடா இருக்கும்போது எந்தக் காரணத்துக்கும் தண்ணி டேங்க் மூடியைத் தொறக்காதீங்க. சுத்துற பெல்ட்டு மேல இருக்கற கம்பி வலையைக் கழத்தாதீங்க. இஞ்சின் ரூம்ல லுங்கி வேண்டாம். அப்புறம் இந்த பஸ்ஸர். சூடு தொண்ணூத்தஞ்சு தாண்டினா மேல ஸ்ராங்கு பக்கத்துல அடிக்கும். அடிச்சா உடனே வேகத்தைக் கொறைச்சு என்னன்னு பாருங்க.’

நான் லுங்கியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, ‘சரிம்மா, சரிம்மா’ன்னேன். எம்மனசுக்குள்ள, நீ பொறக்கும்போது நான் பிஸ்டன் மாத்திக்கிட்டு இருந்தேன்னு ஒரு எண்ணம். கணக்குப் பாத்தா அது உண்மையும் இல்ல. அப்ப நான் எட்டாங்கிளாஸ் பெயிலாகிக்கிட்டு இருந்தேன்.

தடை முடிஞ்சு கடலுக்குப் போனோம். முதல் வாரத்துலயே பஸ்ஸர் நாலு தடவை அடிச்சுட்டு. சாதாரணமா அடிக்காது அண்ணாச்சி, பல்லுக்குள்ள எறங்கும். மடி இழுத்துக்கிட்டு இருக்கும்போது, மடின்னா வலை, இழுவையில இஞ்சின் நல்லா மூச்சுப் பிடிச்சு ஓடும், அப்பத்தான் அடிக்கும். நான் வேகத்தைக் கொறைப்பேன். அது நின்னுரும். மறுபடி கூட்டுவேன். மறுபடி அடிக்கும். நான் என்ன முடிவுக்கு வருவேன்? பஸ்ஸர் சரியில்ல. அப்படித்தானே? பில்டரைத் தொறந்து பாத்தியாலேன்னு கேக்காதீங்க. அது ஒரு மூலையில, குனிஞ்சு, குப்புறப் படுத்துத் தொறக்கணும். எனக்கு அப்ப தொப்பை வேற இருந்துச்சு.

சூசை மேல இருந்து கத்துவான்: ‘மச்சான், உன் புது மெசினு சும்மா கெடந்து அழுது!’ படகுல எட்டுப் பேரும் சிரிப்பானுவ. சமையக்காரன் லெயோன், ‘பால் குடுங்க, டிரைவர்’ம்பான். இருபத்தாறு வருசத்துப் பேரு ஒரு வாரத்துல போச்சு.

அடுத்த திங்கக்கெழமை காலையில, எல்லாரும் ஐஸ் ஏத்திக்கிட்டு இருக்கும்போது, நான் கீழ போயி வயரை வெட்டிட்டேன்.

அதுலயும் என் மூளையைப் பாருங்க. பஸ்ஸருக்கு ரெண்டு வயரு போகும். ஒண்ணு எண்ணெய்க்கு, ஒண்ணு சூட்டுக்கு. எண்ணெய் வயரை விட்டுட்டேன். ஏன்னா ஸ்டார்ட் பண்ணும்போது எண்ணெய் ஏறுத வரைக்கும் ஒரு ‘பீப்’ வரும். அது வந்தா பஸ்ஸர் நல்லாயிருக்குன்னு எல்லாரும் நம்புவாங்கல்லா? சூட்டு வயரை மட்டும் வெட்டினேன். மேல வந்து கையத் தொடச்சுக்கிட்டு, ‘சரி பண்ணிட்டேன்’ன்னேன்.

அன்னைக்குப் பூரா அது அடிக்கவே இல்ல. சூசை என் முதுகுல தட்டி, ‘கம்பெனிக்காரி ரெண்டு வாரம் பாத்தா, எங்க மச்சான் ரெண்டு நிமிசத்துல முடிச்சுட்டான்’ன்னான். லெயோன் கொழம்புல இருந்த பெரிய விளமீன் தலைய எந்தட்டுல வச்சான். வெக்கம் கெட்டு அதைச் சாப்பிட்டேன். ருசியாத்தான் இருந்துச்சு.

ஆடி மாசம். மேக்க இருந்து கச்சான் காத்து நல்லா வீசுது. பகல் பதினோரு மணி இருக்கும். கரையில இருந்து பதினெட்டு மைல். ரெண்டாவது மடி கடல்ல கெடக்கு. நான் பின்பக்கம் வலைக் குவியல்ல சாஞ்சுக்கிட்டு லெயோனுக்கு என் காதைப் பத்தி ஒரு கதை சொல்லிக்கிட்டு இருந்தேன். எங்க படகுக்குப் பக்கவாட்டுல ஒரு ஓட்டை வழியா, இஞ்சினைக் குளிர வச்ச தண்ணி துப்பிக்கிட்டே இருக்கும். அது என் காலுக்குப் பக்கத்துலதான். அது நின்னு போயிருக்கு. எத்தனை நேரமாச்சோ. நான் கதையில இருந்தேன்.

பெயின்ட் கருகுத வாடை வந்துச்சு. லெயோன்தான் மொதல்ல மோந்தான். காதுக்காரனுக்கு ஒண்ணும் கேக்கல. ஓடிப்போயி எறங்கினேன். மீட்டர் முள்ளு கடைசிக் கோட்டுல நிக்குது. மீட்டர் கீழ மட்டுந்தான் உண்டு. மேல சூசைக்கு பஸ்ஸர்தான் மீட்டர். அதைத்தான் நான் வெட்டி வச்சிருந்தேன். இஞ்சினை நிறுத்தினேன், சுவிட்சு அணைஞ்சதும் மீட்டர் முள்ளும் கீழ விழுந்துட்டு.

மடி கடல்ல, இஞ்சின் நின்னாச்சு, காத்து படகைத் திருப்புது. சூசை சும்மா இருப்பானா? லெயோனை வீலைப் பிடிக்கச் சொல்லிட்டு அவனும் எறங்கி வந்துட்டான். நான் குப்புறப் படுத்து கடல்தண்ணி வால்வைத் தடவிக்கிட்டு இருக்கேன்.

‘என்ன மச்சான், சூடாயிருச்சா?’ன்னான்.

நான் தலைய வால்வுப் பக்கம் திருப்பிக்கிட்டேன்.

‘பஸ்ஸர் அடிக்கலியே. அப்ப சூடு ஏறியிருக்காது. டேங்க்ல தண்ணி கொறைஞ்சிருக்கும். நீ வால்வைப் பாரு, நான் தண்ணி ஊத்துதேன்’ன்னான்.

இங்கதான் அண்ணாச்சி. ‘தொறக்காத’ன்னு ஒரு வார்த்த. அவ்வளவுதான் வேணும். ஆனா அதைச் சொன்னா, ‘ஏன்? பஸ்ஸர் அடிக்கலியே’ம்பான். அதுக்கு என்ன பதில் சொல்லுவேன்? இதை நெனச்சுக்கிட்டு ஒரு மூச்சு விட்டேன். ஒரே மூச்சு. பெறகு ‘மச்சான்!’ன்னு கத்தினேன். அவன் துண்டை வச்சு மூடியைத் திருகிட்டான்.

மூடி பறந்து மேல பலகையில அடிச்சுச்சு. வெள்ளையா ஒரு தூணு எந்திரிச்சுச்சு. அவன் வலது கை, முழங்கை வரைக்கும், பெறகு கழுத்துல ஒரு பக்கம். அவன் கத்தவே இல்ல. கைய முன்னால நீட்டிக்கிட்டு, அது யாரு கையோங்கிற மாதிரி பாத்துக்கிட்டு நின்னான்.

மேல தூக்கினோம். ஒருத்தன் டூத்பேஸ்ட்டை எடுத்துக்கிட்டு ஓடி வாரான். அவனைத் தள்ளி விட்டுட்டு, குடிதண்ணி கேன் நாலையும் ஒண்ணு மாத்தி ஒண்ணு கைமேல ஊத்தினேன். அரை மணி நேரம் ஊத்தினேன். அன்னைக்கு நான் செஞ்ச ஒரே சரியான காரியம் அதுதான். ஆஸ்பத்திரியிலயும் அதைத்தான் சொன்னாங்க. ‘யாரு ஊத்தினது? நல்ல காரியம் செஞ்சிய’ன்னு டாக்டர் என்னைப் பாத்துச் சொன்னாரு. நான் தலைய ஆட்டி ஏத்துக்கிட்டேன்.

மடியை அறுத்து விட்டுட்டு, வாக்கி டாக்கியில பக்கத்துப் படகைக் கூப்பிட்டு, அவங்க கயிறு போட்டு இழுத்து வந்தாங்க. கரைக்கு வர சாயங்காலம் நாலு மணி. பெறகு பில்டரைத் தொறந்து பாத்தேன். உள்ள ஒரு ஜவுளிக்கடைப் பை. அதுல பட்டுச்சேலை கட்டின ஒரு கல்யாணப்பொண்ணு படம். என்னைப் பாத்துச் சிரிக்குது.

எல்லாரும் ஒரே கேள்விதான். ஏன் பஸ்ஸர் அடிக்கல? முதலாளி கேக்காரு, தெக்லா கேக்கா, சூசை பொண்டாட்டி கேக்கா. நான், ‘கம்பெனி சாமான் அப்படித்தான்’ன்னேன். அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. முதலாளி கம்பெனிக்கு எழுதிப் போட்டாரு. ஷெர்லினை வேலைக்கு வர வேண்டாம்னு நிப்பாட்டி வச்சுட்டாங்க. சூசை பொண்டாட்டி ஆஸ்பத்திரி வராந்தாவுல உக்காந்துக்கிட்டு, ‘அவளைப் பிடிச்சு உள்ள போடணும்’ன்னு அழுதா. நானும் பக்கத்துல உக்காந்து, ‘ஆமா தங்கச்சி’ன்னேன். அதை எப்படிச் சொன்னேன்னு இப்ப நெனச்சாலும் தெரியல. ஆனா சத்தமாத்தான் சொன்னேன்.

மூணு வாரம் கழிச்சு, ஷெர்லின் தானே கேட்டுக்கிட்டு வாரான்னு சொன்னாங்க. எல்லார் முன்னாலயும் சோதிச்சுப் பாக்கணும்னு. அதுக்கு முந்தின நாள் நான் கீழ போயி வயரை ஒட்டுப் போட்டேன். முறுக்கி, டேப் சுத்தி, பழசு மாதிரி தெரியணும்னு மேல கிரீஸ் பூசி. என் வாழ்க்கையில அவ்வளவு சுத்தமா ஒரு ஒட்டு போட்டதே இல்ல. போட்டுட்டு நிம்மதியா வீட்டுக்குப் போயி தூங்கினேன். சிரிக்கியளா? உங்களுக்கு இப்பவே புரிஞ்சுட்டு. எனக்கு அது புரிய மறுநாள் ஆச்சு.

மறுநாள் முதலாளி, படகு ஆளுங்க எல்லாரும் வந்தாச்சு. சூசையும் வந்தான். கையில கட்டோட, தளத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில. ஷெர்லின் லெயோனோட அடுப்புல ஒரு சட்டியில தண்ணியைக் கொதிக்க வச்சு எறக்கிட்டு வந்தா. சூடு பாக்குத அந்த சின்ன சாமானை இஞ்சின்ல இருந்து கழத்தி, தெர்மாமீட்டரோட சேத்து சட்டிக்குள்ள விட்டா. ரெண்டு நொடி இருக்கும்.

பஸ்ஸர் அடிச்சுச்சு அண்ணாச்சி. பக்கத்துப் படகுல இருந்தவனெல்லாம் எட்டிப் பாத்தான். அவ்வளவு நல்லா அது ஒரு நாளும் அடிச்சதில்ல.

முதலாளி, ‘நல்லாத்தானே இருக்கு?’ன்னாரு.

‘நல்லாத்தான் இருக்கு. எப்பவுமே நல்லாத்தான் இருந்துச்சு. அன்னைக்கு ஏன் அடிக்கலன்னுதான் தெரியணும்’ன்னா.

சொல்லிட்டு, அந்த வயரை ஒரு வெரலால தொட்டுக்கிட்டே போனா. இஞ்சின்ல இருந்து, பலகை ஓரமா, மேல. ஒரு எடத்துல வெரல் நின்னுச்சு. கிரீஸை ஒரு துணியால தொடச்சா. கீழ டேப்பு பளபளன்னு இருக்கு, கடையில இருந்து இப்ப வந்த மாதிரி. அவ என்னைப் பாத்தா. ‘அண்ணா, இது என்னன்னு உங்களுக்குத் தெரியுமா?’ன்னு கேட்டா. மரியாதையாத்தான் கேட்டா.

‘எலி கடிச்சிருக்கும்மா’ன்னேன்.

முதலாளி என்னையே பாத்துக்கிட்டு, ‘ஏலே, எலி டேப்பும் சுத்துமா?’ன்னாரு.

ஒருத்தனும் சிரிக்கல. நாற்காலி கெடந்த பக்கம் மட்டும் பாக்காம, ‘நான்தான் வெட்டினேன். நான்தான் ஒட்டினேன்’ன்னேன். பெறகு, ஏன்னு யாரும் கேக்காமலே, ‘சத்தம் தாங்கல’ன்னேன். வேற காரணம் சொல்லலாம்னு பாத்தேன். உள்ள வேற ஒண்ணும் இல்ல.

ஷெர்லினுக்குக் குடுக்கலாம்னு மறுநாள் ரெண்டு கிலோ விளமீன் வாங்கிட்டுப் போனேன். ‘மீன் வேண்டாம் அண்ணா. நடந்ததை ஒரு பேப்பர்ல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க’ன்னா. அவ ஊருக்குப் போக நின்ன பஸ் ஸ்டாண்டுலயே உக்காந்து அரைப் பக்கம் எழுதினேன். அதை வாசிச்சுட்டு, நாலு பிழை திருத்தி, என்னையே திரும்ப எழுதச் சொன்னா. எழுதினேன். அவளை வேலைக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கிட்டாங்க. மீனை வீட்டுக்குக் கொண்டு போனேன். தெக்லா அதை அடுத்த வீட்டுக்குக் குடுத்துட்டா.

முதலாளி அந்த சோதனை நடந்த அன்னைக்கே, ‘படகை விட்டு எறங்குல’ன்னுட்டாரு. நான் செருப்பைத் தேடிக்கிட்டு இருக்கேன், நாற்காலியில இருந்து சூசை, ‘அவன் இருக்கட்டும்’ன்னான். என்னைப் பாத்துச் சொல்லல. கடலைப் பாத்துச் சொன்னான். அதுக்குப் பெறகு என்கிட்ட ஒரு வார்த்த இல்ல. மன்னிச்சுட்டான்னு நான் நெனச்சுக்கிட்டேன். எதையும் எனக்குச் சாதகமா நெனைக்கிறதுல நான் கெட்டிக்காரன்.

அவன் கை ஆறிச்சு. ஆனா கடைசி ரெண்டு வெரலும் மடங்கல. வீலை இறுக்கிப் பிடிக்க வராது. பதினெட்டு வருசம் ஸ்ராங்கா நின்ன எடத்துல வேற ஆளு வந்து நின்னான். கார்த்திகையில ஒரு நாள் காலையில படகு கெளம்பப் போகுது, சூசை ஒரு ஸ்கூல் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கிட்டு வந்து ஏறினான். நேரா இஞ்சின் ரூமுக்குள்ள எறங்கினான். மீன் கூடை ஒண்ணைக் கவுத்துப் போட்டு, மீட்டருக்கு எதிர்த்தாப்புல உக்காந்தான். முதலாளிகிட்ட இந்த வேலையைக் கேட்டு வாங்கியிருக்கான். மீட்டர் பாக்க வெரல் மடங்க வேண்டாம்லா?

கால்மணி நேரத்துக்கு ஒருக்கா படிப்பான். ‘எண்பது.’ இடது கையால நோட்டுல எழுதுவான். ‘எண்பத்தொண்ணு.’ எழுதுவான். வேற பேச்சு கெடையாது. காலையில எறங்கினதும் பில்டர் இருக்கற மூலையை அந்த மடங்காத வெரலால காட்டுவான். நான் குப்புறப் படுத்துத் தொறப்பேன். லுங்கியோட ஒரு நாள் எறங்கினேன், ஒண்ணும் சொல்லல, இஞ்சினை ஸ்டார்ட் பண்ண விடாம சுவிட்சு முன்னால நின்னுக்கிட்டான். மேல போயி பேன்ட் மாட்டிட்டு வந்தேன். பெல்ட்டு மேல இருந்த கம்பி வலைய நான் எப்பவோ கழத்தி எறிஞ்சிருந்தேன். அதைத் தேடி எடுத்து எங்கையில குடுத்தான். பழைய பஸ்ஸரை நான் வெட்டினேன், ஆண்டவர் மீசை வச்ச ஒரு பஸ்ஸரை அனுப்பிட்டாரு. இதுக்கு வயரும் கெடையாது.

வீட்டுலயும் அதே கதைதான். தெக்லா சோத்தை வைப்பா, பேச மாட்டா. சரின்னு கடலுக்குப் போனா அங்க நம்பர் மட்டும். ஒரு நாளைக்கு முப்பது நாப்பது நம்பர். நானும் கெஞ்சிப் பாத்தேன். ஒரு நாள், ‘என்னைத் திட்டிரு, ரெண்டு அடி அடிச்சிரு’ன்னேன். மீட்டரைப் பாத்துட்டு, ‘எண்பத்தி மூணு’ன்னான்.

அப்படியே மாசி வரைக்கும் ஓடுச்சு. போன மாசம் ஒரு நாள், கடல் எண்ணெய் மாதிரி கெடக்கு. மடி இழுத்துக்கிட்டு இருக்கோம். நான் ஒரு போல்ட்டை இறுக்கிக்கிட்டு இருக்கேன். அவன் படிச்சான்:

‘எண்பத்திரண்டு, மச்சான்.’

ஸ்பேனர் கையில இருந்து நழுவிட்டு. நிமுந்து பாத்தேன். அவன் நோட்டுல எழுதிக்கிட்டு இருக்கான், ஒண்ணும் நடக்காத மாதிரி. இஞ்சின் சத்தத்துல நான் தப்பாக் கேட்டேனோன்னு ஒரு சந்தேகம். இல்ல, சொன்னான். ஏழு மாசம் கழிச்சு சொன்னான்.

அப்பத்தான் என் கண்ணு மீட்டருக்குப் போச்சு. முள்ளு எண்பத்தாறுல நிக்குது.

கண்ணாடி மேல எண்ணெய் தெறிச்சிருந்துச்சு, அவனுக்கும் வயசு ஐம்பத்தி நாலு ஆகுது. தப்பாப் படிச்சுட்டான். நாலு டிகிரி. எண்பத்தாறுல ஒண்ணும் வெடிச்சிராது அண்ணாச்சி. தொண்ணூத்தஞ்சுக்கு இன்னும் எவ்வளவோ இருக்கு. விட்டுரலாம். ஏழு மாசத்துக்குப் பெறகு மனுசன் வாயைத் தொறந்திருக்கான், அந்த நேரத்துல போயி நீ தப்புன்னு சொல்லுததா? அதுவும் நான்? சொன்னா இன்னொரு ஏழு மாசம் மூடிக்குவான். வாயைப் பொத்திக்கிட்டு, அந்த ‘மச்சானை’ மட்டும் எடுத்துக்கலாம்னுதான் ஆசை.

‘எண்பத்தாறு’ன்னேன்.

அவன் என்னைப் பாத்தான். கூடையில இருந்து எந்திரிச்சான். மொகத்தை மீட்டர் கிட்டக்கக் கொண்டு போனான். கட்டை வெரலால கண்ணாடியைத் தொடச்சான். ரொம்ப நேரம் பாத்தான்.

‘ஆமா, எண்பத்தாறுதான்’ன்னான்.

உக்காந்து, நோட்டுல எண்பத்திரண்டை அடிச்சுட்டு எண்பத்தாறுன்னு எழுதினான். எழுதி முடிச்சுட்டு, தலைய நிமுத்தாம, ‘மடியைத் தூக்கினதும் நிறுத்திட்டு பில்டரைப் பாரு, மச்சான்’ன்னான்.

பாத்தேன். ஒரு கை நெறைய பாசி அடைச்சிருந்துச்சு.